திருட்டு ஒயர்

மெஷினக்காவுக்குப் பயம் என்பது கூடவே பிறந்த ஒன்று. நாய்க்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், பாலத்தின் நடுவில் பஸ் நின்றுவிட்டால் பயம், போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். "இவளுக்குத் தன் நிழலைக் கண்டாலே ஆகாது" என்று கூடப்பிறந்தவர்கள் கேலி செய்தே வளர்த்தார்கள். அப்படிப்பட்டவள், கரண்டும் தண்ணீரும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கிற வாஷிங் மெஷின்களின் வயிற்றில் கையை விட்டுப் பிழைக்கிறாள். தலையெழுத்து என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணம் அவள் புருஷனின் முதுகு.

புருஷன்தான் முதலில் மெக்கானிக். முன்பக்கம் வட்டக் கதவு வைத்த பழைய மெஷின்களில் கைதேர்ந்தவர். அந்த மெஷின்கள் துணியைப் பிழியும்போது துள்ளிக் குதிக்காமல் இருக்க உள்ளே பெரிய சிமெண்ட் கட்டியை வைத்திருப்பார்கள். நாலு பேர் பிடிக்க வேண்டிய கனம். இவர் ஒற்றை ஆளாகப் பிடிப்பார். பிடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அவருக்கே ஒரு வீறாப்பு. ஒருநாள் மாடிப்படித் திருப்பத்தில் முதுகில் கடக்கென்று ஒரு சத்தம். அதோடு தூக்குகிற வேலை முடிந்தது. அதுவரை டார்ச் பிடிக்கக் கூடப் போய்க்கொண்டிருந்தவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நாற்காலியும் போனும் அவருக்கு, ஸ்கூட்டரும் ஸ்பேனரும் இவளுக்கு என்று வேலை பிரிந்தது.

ஆரம்பத்தில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மணியை அடிக்கவே பயப்படுவாள். அந்தப் பயமே மெல்ல அவளுடைய வேலைமுறையாக ஆனது. பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டு வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் உண்டு. இவள் பிடுங்கிய பிளக்கைத் தன் இடது மணிக்கட்டில் ரிப்பனால் கட்டிக்கொண்டுதான் மெஷினைத் தொடுவாள். வீட்டுக்காரர்கள் யாராவது நல்லெண்ணத்தோடு பிளக்கைச் சொருகிவிட்டால் என்ன ஆவது? இப்போது சொருக வேண்டுமென்றால் இவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்த்தான் சொருக வேண்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அந்தச் சிரிப்பைக் கேட்கத் தான் உயிரோடு இருந்தால் போதும் என்பது அவள் கட்சி.

புது மெஷின்கள் அவளுக்குப் பிடிக்காது. திரையில் ஏதோ இரண்டு எழுத்தைக் காட்டிவிட்டு உயிரை விட்டுவிடும். பழையவை அப்படியில்லை, எங்கே நோகிறது என்று கத்திச் சொல்லும். கரகரவென்றால் பேரிங். பிழியும்போது அறை முழுக்க நடை பழகினால் கீழே ஆட்டத்தைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் போய்விட்டது. தண்ணீர் இறங்காவிட்டால் ஃபில்டரில் ஹேர்பின்னோ பட்டனோ ஒற்றை சாக்ஸோ இருக்கும். டிரம் சோர்ந்துபோய்ச் சுற்றினால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது. கிளம்பும்போது எல்லா வீட்டிலும் ஒரே பாட்டைப் பாடிவிட்டுத்தான் கிளம்புவாள். சோப்புத்தூளை அள்ளிக் கொட்டாதீங்க, ரப்பர் மடிப்பைத் துடைங்க, துவைச்சு முடிச்சா கதவைச் சாத்தாம திறந்தே போடுங்க, இல்லன்னா உள்ள பூசணம் பிடிச்சு நாறும்.

அவள் பையில் ஒரு ஒயர் உண்டு. அதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பழைய மெஷினில் கதவுக்கு ஒரு பூட்டு இருக்கிறது. கதவு நன்றாகச் சாத்திக்கொண்டது என்று அந்தப் பூட்டு ஒப்புக்கொண்டால்தான் மோட்டாருக்குக் கரண்ட் போகும். சில நேரம் கோளாறு பூட்டிலா மோட்டாரிலா என்று தெரியாது. அப்போது மேல்மூடியைக் கழற்றி, இரண்டு முனையிலும் பல் வைத்த கிளிப் உள்ள ஒரு குட்டி ஒயரை உள்ளே இரண்டு இடத்தில் கவ்வ விடுவார்கள். பூட்டைத் தாண்டிக் கரண்ட் பாய்ந்துவிடும். கதவு திறந்து கிடந்தாலும் மெஷின், சாத்தியிருக்கிறது என்று நம்பி ஓடும். மெஷினையே ஏமாற்றுவதால் புருஷன் அதற்குத் திருட்டு ஒயர் என்று பேர் வைத்திருந்தார்.

சோதனை முடிந்த கையோடு அதை எடுத்துவிட வேண்டும். எடுத்தோமா இல்லையா என்று பார்ப்பதற்காகவே மெஷினக்கா ஒரு கடைசி வேலை வைத்திருந்தாள். எல்லாம் முடிந்தபின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குமிழைத் திருப்பிப் பார்ப்பாள். மெஷின் ஓடக் கூடாது. ஓடாவிட்டால்தான் வீட்டுக்குப் போகலாம்.

அன்றைக்குக் காலையில் போன வீடு இரண்டாவது மாடியில். ஒரு சின்ன வயசுப் பெண், அவளுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் வெளியூரில் வேலை பார்ப்பவன். வாடகை வீட்டோடு சேர்ந்து வந்த மெஷின். அந்தப் பெண்ணின் கல்யாணத்துக்கும் மூத்தது. நடுவில் நடுவில் நின்றுவிடுகிறது என்று புகார். போன தடவை ஃபில்டர் அடைத்துக்கொண்டதற்கு வந்தபோதே மெஷினக்காவுக்கு அவர்கள் பழக்கம்.

மெஷினக்கா பையை இறக்கி வைத்தபோது டிரம்முக்குள்ளிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே பாப்பா, பொம்மை மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே அவள் அண்ணன், பள்ளிக்கூடம் போகிற வயசு, குமிழைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே வாயால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தான். வீட்டில் அவனை டிரைவர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"இறங்குடி கீழ" என்று அம்மா கத்தினாள். டிரைவர் குமிழை இன்னும் வேகமாகத் திருப்பினான். கத்தினால் அவனுக்குக் குஷி வந்துவிடும் போலிருந்தது. கடைசியில் அம்மாவே போய்ப் பாப்பாவைத் தூக்கி வெளியே விட்டாள். "நீங்க கதவைத் திறந்து போடச் சொன்னீங்கல்ல, அன்னையிலேருந்து இதுங்களுக்கு இதுதான்க்கா பஸ்ஸு. எத்தனை தடவை சொன்னாலும் கேக்கறதில்லை."

"உள்ள ஏற விடாதீங்கம்மா. பாக்கவே பதறுது."

"தெரியாம ஓடிடுமாக்கா?"

"கதவு திறந்திருக்கிற வரைக்கும் ஓடாது. பூட்டு விடாது. அதை நான் அடிச்சுச் சொல்றேன்."

அந்தப் பெண்ணின் முகம் தெளிந்தது. ஒருத்தருடைய பயத்தை இன்னொருத்தர் வாங்கிக்கொள்வது லேசான விஷயமில்லை. மெஷினக்காவுக்கே அப்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

வேலை எப்போதும்போல நடந்தது. மணிக்கட்டில் பிளக்கைக் கட்டிக்கொண்டு மேல்மூடியைத் திறந்தாள், திருட்டு ஒயரைக் கவ்வவிட்டாள், பிள்ளைகளைத் தூர நிற்கவைத்துப் பிளக்கைச் சொருகிப் பார்த்தாள். மோட்டார் முனகியது. கார்பன் தேய்ந்து நகக்கணு அளவுக்கு வந்திருந்தது, மாற்றினாள். பூட்டும் கருகியிருந்தது, ரப்பரை விலக்கி முன்பக்கமாகவே அதையும் மாற்றினாள். அதற்குள் போன் அடித்தது. புருஷன்.

"சலூன்காரர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரும்மா. மெஷின் நின்னு ஈரத் துண்டு மலை மாதிரி கிடக்காம். இன்னும் எவ்வளவு நேரம்?"

"மூடிட்டா முடிஞ்சது."

மூடினாள். திருகுகளை முடுக்கினாள். கதவைச் சாத்தி ஓடவிட்டபோது மெஷின் பூனை உறுமுகிற மாதிரி சீராகச் சுற்றியது. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். உடனே ஓடிப்போய் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து திணித்து, தண்ணீரையும் திறந்துவிட்டாள். மெஷினக்கா தடுத்திருக்க வேண்டும். கடைசி வேலை பாக்கி இருந்தது. ஆனால் தண்ணீர் நிரம்பிய மெஷினின் கதவைத் திறக்க முடியாது, துவைத்து முடிகிறவரை காத்திருக்கவும் நேரமில்லை. அவ்வளவு அழகாக ஓடுகிற மெஷினில் என்ன தப்பு இருந்துவிடப் போகிறது என்று, வாழ்க்கையில் முதல்முறையாக, பயப்படாமல் கிளம்பிவிட்டாள்.

சலூனில் பின்னறை. துண்டுகளின் வாடை. மெஷினக்கா அங்கே மெஷினைத் திறந்து, கோளாறு பூட்டிலா மோட்டாரிலா என்று பார்ப்பதற்காகப் பைக்குள் கையை விட்டாள். திருட்டு ஒயர் இருக்க வேண்டிய சின்னப் பையில் விரல் துணியைத்தான் தொட்டது. பக்கத்துப் பையில் பார்த்தாள். பெரிய பையைத் தரையில் கவிழ்த்தாள். ஸ்பேனர், டேப், ரிப்பன், கழற்றிய பழைய கார்பன் எல்லாம் விழுந்தன. ஒயர் விழவில்லை.

எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. துண்டுக் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள். இரண்டாவது மாடியில், மூடிய மூடிக்கு அடியில், கிளிப்புகள் கவ்விக்கொண்டு கிடக்கின்றன. துவைத்து முடித்திருப்பார்கள். துணியை எடுத்திருப்பார்கள். இவள் பாடிய பாட்டைக் கேட்டுக் கதவைத் திறந்தே போட்டிருப்பார்கள். ஓடாது என்று அடித்துச் சொல்லிவிட்டும் வந்தாகிவிட்டது.

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் சலூன்காரர்.

பையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே அந்தப் பெண்ணின் நம்பரை அழுத்தினாள். மணி போனது. கட் ஆனது. மறுபடி அழுத்தினாள், மறுபடி கட். யாரோ வேண்டுமென்றே கட் பண்ணுகிறார்கள். புருஷனைக் கூப்பிட்டாள்.

"என்னங்க, திருட்டு ஒயரைக் காலையில போன வீட்டுலயே விட்டுட்டேன். உள்ளயே. மாட்டினபடியே. அங்க புள்ளைங்க டிரம்முக்குள்ள ஏறித்தான் விளையாடுதுங்க."

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற மனுஷன். ஒயர் தொலைந்தால் "திருட்டு ஒயரையே திருடிட்டாங்களா" என்று கேட்கக்கூடியவர். அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது.

"நீ போ" என்றார். "நான் இங்கேருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். போ, போ."

ஸ்கூட்டரில் அவள் எப்போதும் சாலையின் ஓரத்தோடு ஓரமாக, மாட்டுவண்டிக்கும் வழிவிடுகிற வேகத்தில் போகிறவள். அன்றைக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. பின்னால் ஹார்ன் அடித்தார்கள், ஒருவர் ஜன்னலைத் திறந்து திட்டினார். அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் டிரம்முக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு கால்கள்தான். டிரம்மின் வேகம் அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அது ஒரு சத்தம். அவளுக்கு மட்டும், பிழிகிற வேகத்தில் ஒரு ஜீன்ஸ் பட்டன் தகரத்தில் எவ்வளவு ஆழமாகப் பள்ளம் போடும் என்று தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம் என்று அழுதுகொண்டே ஓட்டினாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில், ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினாலும் ரயிலைத் தாண்ட முடியாது. மறுபடி நம்பரை அழுத்தினாள். இந்த முறை எடுத்தார்கள்.

"ஹலோ" என்றது ஒரு சின்னக் குரல், எரிச்சலோடு.

"கண்ணா, நான் மெஷின் ஆன்ட்டி. அம்மாகிட்ட குடுடா."

"அம்மா குளிக்கிறாங்க. எங்களை போன்ல கார்ட்டூன் பாக்கச் சொன்னாங்க. நீங்க கூப்பிட்டுக் கூப்பிட்டு அது நின்னு நின்னு போகுது."

"பாப்பா எங்கடா?"

"பஸ்ல."

"உள்ள உக்காந்திருக்காளா?"

"ஆமா. சீட்டுக்குத் தலையணை போட்டுக் குடுத்தேன். இப்ப ஸ்டூல் எடுத்துட்டு வரப் போறேன்."

"ஸ்டூல் எதுக்கு?"

"சுவிட்ச் போட. சுவிட்ச் போட்டா செவப்பு லைட் எரியும். எரிஞ்சாதான் நெஜ பஸ்."

கத்த வேண்டும் போலிருந்தது. ரயிலே நின்றுவிடுகிற மாதிரி கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கத்தினால் அவன் குமிழைத் திருப்புவான். காலையில் கண்ணால் பார்த்திருக்கிறாள். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் குரலைச் சாதாரணமாக்கினாள்.

"டிரைவர் சார், இந்த பஸ் எங்க போகுது?"

"கடலுக்கு."

"கடலுக்கு இல்ல சார். ஆபீஸ்லேருந்து பேசறேன். இந்த பஸ் டிப்போவுக்குப் போகுது. டிப்போவுக்குப் போற பஸ்ல யாரும் உக்காரக் கூடாது. தெரியும்ல?"

"பாப்பா டிக்கெட் வாங்கிட்டாளே."

"வாங்கினாலும் கூடாது. எல்லாரையும் இறக்கி விடுங்க. முதல்ல இறக்குங்க, அப்புறந்தான் மத்தது. இறக்கினீங்களா? டிரைவர் சார்? இறக்கிட்டு எங்கிட்ட..."

ரயில் என்ஜின் ஊதிக்கொண்டு கடந்தது. அவன் என்னவோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. போனைக் காதுக்குள் நுழைத்துவிடுவதுபோல அழுத்திப் பார்த்தாள். சத்தம் ஓய்ந்தபோது அந்தப் பக்கம் யாரும் இல்லை. திரும்பக் கூப்பிட்டால் எடுக்காமல் கோபத்தில் குமிழைத் திருப்பிவிடுவானோ என்று பயந்து கூப்பிடவும் இல்லை. கூப்பிடாமல் இருப்பதற்கும் பயமாக இருந்தது.

கேட் திறந்தது.

அந்தக் கட்டடத்தின் வாசலில் வண்டி எங்கே விழுந்தது என்று பார்க்காமல் படியை நோக்கி ஓடினாள். முதல் படியில் கால் வைத்தபோதே சத்தம் கேட்டது. பிழிகிற சத்தம். காலையில் தன் கையால் போட்ட புதுக் கார்பன், முழு பலத்தோடு ஓடுகிற சத்தம். சத்தத்தின் நடுவே இன்னொன்றும் கேட்டது. டப், டப், டப் என்று மெத்தென்ற ஏதோ ஒன்று டிரம்மில் மோதிக்கொண்டிருந்தது. துணி அப்படி மோதாது. பட்டனும் ஷூவும் வேறு மாதிரி மோதும். இருபது வருஷக் காது அது, எதையும் சொல்லிவிடும். இதைச் சொல்ல அதற்குத் தைரியம் வரவில்லை.

மாடிக்கு ஏறினால் நேரமாகும். படிக்கு அடியில் மெயின் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. எது எந்த வீடு என்று எழுதியிருந்தது, அவளால் படிக்க முடியவில்லை. எல்லாவற்றையும் இழுத்து இறக்கினாள். கட்டடம் முழுக்க மூச்சு நின்ற மாதிரி ஆயிற்று. மேலே டிரம் மெதுவாகி, இன்னும் மெதுவாகி, டப் என்று ஒருமுறை மோதி நின்றது.

ஒரு சத்தமும் இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏறாமல் இப்படியே நின்றுவிட்டால் எதையும் பார்க்க வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காக அவள் அப்புறம் ரொம்ப நாள் வெட்கப்பட்டாள்.

அப்போது மேலே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஒரு குழந்தைதான். எந்தக் குழந்தை என்று தெரியாமலே இரண்டிரண்டு படியாகத் தாவினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. அறையெங்கும் பஞ்சு. மின்விசிறியில், நாற்காலியில், தரையில், பறந்துகொண்டிருந்த பஞ்சு இன்னும் இறங்கி முடியவில்லை. மெஷின் சுவரை விட்டு நகர்ந்து அறை நடுவில் கோணலாக நின்றது. அதன் வட்டக் கதவு அகலத் திறந்திருந்தது. டிரம்முக்குள் தலையணை உறை மட்டும் கிழிந்து சுருண்டு கிடந்தது. சுவரோரமாக, நனைந்த தலையோடு அந்தப் பெண் பிள்ளைகள் இரண்டையும் அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவிட்சை அணைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை.

அழுதது பாப்பாதான். "பஸ்ஸு என்னை விட்டுட்டுப் போச்சு" என்று ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"டிப்போவுக்குத்தான் ஓட்டினேன்" என்றான் டிரைவர், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தபடி. "ஆன்ட்டிதான் சொன்னாங்க. யாரும் இல்லாமதான் ஓட்டினேன்."

மெஷினக்கா பாப்பாவின் கையைத் தொட்டாள், காலைத் தொட்டாள், ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். பார்த்து முடித்ததும் பஞ்சின் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கீழே படிக்கட்டில் யார் கரண்டை அணைத்தது என்று ஆளாளுக்குச் சத்தம் போடுவது கேட்டது.

"தானா ஓடுதுக்கா" என்றாள் அந்தப் பெண். பல் கிட்டிக்கொண்டு வார்த்தை தடுக்கியது. "சத்தம் கேட்டு ஓடியாந்தா, கதவு திறந்திருக்கு, ஓடுது. பேய் பிடிச்ச மாதிரி என்னை நோக்கி வருது. நல்லவேளை, கடவுள் மாதிரி நீங்க வந்தீங்க."

அப்படியே விட்டிருக்கலாம். பழைய மெஷின், நம்ப முடியாது, தூக்கிப் போட்டுடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். ஒயரை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டும் போயிருக்கலாம். மெஷினக்காவின் பயங்களுக்குக் கணக்கில்லை, ஆனால் அந்த வார்த்தை எல்லாப் பயத்தையும்விட அவளை அதிகம் பயமுறுத்தியது. கடவுள் மாதிரி.

"பேயும் இல்ல, கடவுளும் இல்லம்மா" என்றாள். "நான்தான். சோதிச்சுப் பாக்கப் போட்ட ஒயரை எடுக்காம மூடிட்டேன். கதவு திறந்திருந்தா ஓடாதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, ஓடற மாதிரி நானே பண்ணி வச்சுட்டுப் போயிட்டேன்."

அந்தப் பெண் அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள், மெஷினக்காவிடமிருந்து தள்ளி. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"வெளிய போங்க" என்றாள்.

"போறேன். அதை எடுத்துட்டுப் போயிடறேன்."

பை சலூனில் கிடந்தது. சமையலறையிலிருந்து ஒரு கத்தியை எடுத்துவந்து அதன் முனையால் திருகுகளைக் கழற்றினாள். கத்தி இரண்டு தடவை நழுவி விரலைக் கீறியது. மூடிக்கு அடியில் ஒயர் கவ்விக்கொண்டிருந்தது, எதுவும் தெரியாத பிள்ளை மாதிரி. எடுத்து அந்தப் பெண்ணுக்குக் காட்டினாள். மூடியை மூடினாள். மெஷினைச் சுவரோடு தள்ளினாள். அதற்குள் கீழே யாரோ எல்லாச் சுவிட்சுகளையும் ஏற்றிவிட்டார்கள். மின்விசிறி சுற்ற ஆரம்பித்ததும் அதிலிருந்த பஞ்சு எல்லோர் தலையிலும் விழுந்தது. மெஷினுக்கான சுவிட்சை மெஷினக்கா முன்பே அணைத்திருந்தாள்.

கிளம்பத் திரும்பினாள்.

"இப்ப மட்டும் ஓடாதுன்னு எப்படி நம்பறது?" என்றாள் அந்தப் பெண். குரல் தணிந்திருந்தது. "காலையிலயும் நீங்கதான் சொன்னீங்க."

அடித்துச் சொல்கிற வார்த்தைகளையெல்லாம் மெஷினக்கா காலையிலேயே செலவழித்துவிட்டாள். திரும்பி வந்து மெஷினுக்கு முன்னால் மண்டி போட்டாள். திறந்த கதவுக்குள் வலது கையைத் தோள்வரைக்கும் விட்டு, டிரம்மின் துளைகளில் விரல்களை மாட்டிக்கொண்டாள்.

"சுவிட்ச் போட்டுட்டு குமிழைத் திருப்புங்க. எங்க கொண்டுபோனா பிழியுமோ அங்க."

"வேணாம்க்கா."

"திருப்புங்கம்மா."

"எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான். திருப்புங்க."

அந்தப் பெண் எழுந்து வந்தாள். பாப்பா அவள் இடுப்பில், டிரைவர் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு. சுவிட்சைப் போட்டாள், சிவப்பு விளக்கு எரிந்தது. குமிழில் கையை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றாள். மெஷினக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பூட்டு சரியாகத்தான் இருக்கிறது என்று தெரியும். காலையிலும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது. கையில் இருக்கிற ஒவ்வொரு எலும்பும் அவளுக்குத் தனித்தனியாக உறைத்தது.

கடகடவென்று குமிழ் திரும்புகிற சத்தம் கேட்டது. டிரம் அசையவில்லை.

அந்தப் பெண் மறுபடி திருப்பினாள். ஒரு முழுச் சுற்று, வழியில் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தி. டிரம் அசையவில்லை. மெஷினக்காவின் கைதான் உள்ளே ஆடிக்கொண்டிருந்தது, தகரத்தில் வளையல் கிணுகிணுக்கிற அளவுக்கு.

"நாளைக்கும் வாங்க" என்றாள் அந்தப் பெண், குமிழிலிருந்து கையை எடுக்காமலே. "நாளைக்கும் வந்து இதே மாதிரி கையை வைங்க. நான் திருப்பிப் பாக்கணும்."

"வர்றேன்மா" என்றாள் மெஷினக்கா. கையை அவளும் இன்னும் வெளியே எடுக்கவில்லை.